கைக்குழந்தையை டே கேரில் விடும்போது: பெற்றோர் இருவருக்குமான பாடம்



கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களிடையே, அண்மைக் காலமாக வேறொரு கேள்வியோடும் சில சகோதரிகள் வருகிறார்கள். "ஆறு மாதப் பிள்ளையை டே கேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேனே, இது பாவமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்கிறவர்களில் ஆசிரியை உண்டு, செவிலியர் உண்டு, மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவர் உண்டு. ஒருவருடைய கணவர் சவூதியில் இருக்கிறார். ஒருவர் கணவரை இழந்தவர். ஒருவர் வீட்டுக் கடனில் பாதியைத் தம் சம்பளத்தில் அடைக்கிறவர். கேட்டு முடிப்பதற்குள் பெரும்பாலும் கண் கலங்கிவிடுகிறது.

கணவன்மார்களும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது, "அவளை வேலையை விடச் சொல்லட்டுமா?" என்று. பிள்ளை இருவருடையது, கேள்வி மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது. இந்த மாதப் பாடத்தை இங்கிருந்தே தொடங்குவோம்.

உழைப்பு நமக்குப் புதிதல்ல

நம் மேலப்பாளையத்தில் பெண்கள் சம்பாதிப்பது இந்தத் தலைமுறையில் தொடங்கிய காரியம் இல்லை. நம் உம்மாமார்களும் அவர்களைப் பெற்றவர்களும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். குமர்களைக் கரை சேர்த்தார்கள். பக்கத்தில் தொட்டில் தொங்கும். பிள்ளை சிணுங்கினால் ஒரு கை தொட்டிலை ஆட்டும், பிறகு மறுபடியும் இலைக்குப் போகும். பிள்ளை கண் முன்னால் இருந்தது. கூடவே புகையிலைத் தூளும் இருந்தது. அந்தக் காற்றைத்தான் பிள்ளையும் சுவாசித்தது.

அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று பட்டம் பெற்று, பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் பஸ் ஏறிப் போகிறார்கள். தொட்டிலைக் கூடவே கொண்டுபோக முடிவதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருந்தாலும், அவர்களுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம். தவழத் தொடங்கிய பிள்ளையின் பின்னால் நாள் முழுவதும் ஓட அவர்களால் ஆவதில்லை. டே கேரை நாடுகிற நிலை இப்படித்தான் வருகிறது.

டே கேரைத் தமிழில் 'காப்பகம்' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்கு எத்தீம்கானா நினைவுக்கு வந்துவிடுகிறது. தாயும் தகப்பனும் உயிரோடிருக்க இதென்ன என்று சிலர் முகம் சுளிப்பதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். காலையில் விட்டு மாலையில் அழைத்துக்கொள்ளும் இடத்துக்கும் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருநூற்று முப்பத்து மூன்றாம் வசனம்

கைக்குழந்தையை யார் பார்ப்பது, யார் செலவு செய்வது என்பதைப் பற்றி அல்குர்ஆன் நேரடியாகப் பேசுகிற இடம் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். அதன் கருத்தை வரிசையாகப் பார்ப்போம்.

பாலூட்டும் காலத்தை முழுமையாக்க விரும்புகிறவர்களுக்கு அது இரண்டு ஆண்டுகள். அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பது தகப்பனின் கடமை. எவர் மீதும் அவருடைய சக்திக்கு மேல் சுமை ஏற்றப்படாது. பிள்ளையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்தக் கூடாது. தகப்பனையும் துன்புறுத்தக் கூடாது. தகப்பன் இல்லாவிட்டால் அதே கடமை வாரிசின் மீது வருகிறது. இருவரும் மனம் ஒப்பி, கலந்து பேசிப் பால் மறக்கச் செய்ய முடிவெடுத்தால் குற்றமில்லை. பிள்ளைக்கு வேறொருவரைக் கொண்டு பாலூட்ட விரும்பினாலும் குற்றமில்லை. அவருக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வசனம் தலாக் பற்றிய வசனங்களுக்கு நடுவில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பிரிந்துபோன இருவரைக்கூட, பிள்ளை விஷயத்தில் உட்கார்ந்து மஷூரா செய்யச் சொல்கிறது மார்க்கம். அப்படியானால் ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் பேசாமல் முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்? கணவன் மட்டும் கட்டளையிடுவதும், மனைவி மட்டும் மனதுக்குள் புழுங்குவதும் இந்த வசனத்தின் வழியில் இல்லை.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். பகலில் சில மணி நேரம் இன்னொருவர் கையில் கொடுப்பதால் அந்த அமானிதம் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. விட்டுச் செல்லும் நேரத்திலும் பொறுப்பாளிகள் தாயும் தகப்பனுமே, இருவரும் சேர்ந்தே. எனவே விடலாமா கூடாதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எங்கே, யாரிடம், எவ்வளவு நேரம், யார் கண்காணிப்பில் என்பவற்றுக்கும் இருவரும் பதில் வைத்திருக்க வேண்டும்.

வசதி இருந்து, விருப்பப்பட்டு வீட்டிலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களின் உழைப்பு எந்த வேலைக்கும் குறைந்ததில்லை. குடும்பச் செலவு மார்க்கப்படி ஆணின் கடமை என்பதும் மாறவில்லை. வேலைக்குப் போவது தங்கள் நிலையில் தேவைதானா என்ற தனிப்பட்ட கேள்விக்குத் தங்கள் மஹல்லா ஆலிமை அணுகுங்கள். போவதென்று இருவரும் முடிவெடுத்த குடும்பங்களுக்காகவே இனி வருவன.

தாயின் கண்ணீர் ஈமான் குறைவா?

முதல் வாரத்தில் டே கேர் வாசலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே போகும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதைப் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். மூஸா (அலை) அவர்களின் தாயைப் பற்றி அல்கஸஸ் அத்தியாயம் சொல்வதைப் பாருங்கள். பிள்ளை திரும்பி வரும் என்று அல்லாஹ்விடமிருந்தே வாக்குறுதி பெற்றவர் அவர். அப்படியிருந்தும் பிள்ளையை விட்டபின் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ்தான் அதைத் திடப்படுத்தினான் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. வாக்குறுதி பெற்ற தாய்க்கே அந்த நிலை என்றால், நம் தங்கைமார்களின் கண்ணீரில் என்ன குற்றம்?

அந்தத் தாய் அடுத்துச் செய்த காரியமும் நமக்குப் பாடம். மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பார் என்றார். அவள் தூரத்திலிருந்து கவனித்தாள். தக்க நேரத்தில் பேசினாள். பிள்ளை தாயின் மடிக்கே திரும்பியது. தவக்குல் வைத்தவர்களும் பிள்ளையின் மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். டே கேர் விஷயத்தில் நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

பிள்ளைக்கு என்ன ஆகும்?

தாய்மார்களின் பெரிய அச்சம், பிள்ளை நம்மை மறந்து ஆயாவிடம் ஒட்டிக்கொள்ளுமோ என்பது. 1991இல் பிறந்த ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தார்கள். வெளியார் பராமரிப்பில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பு குலைவதில்லை என்பது அதில் தெரிந்தது. தாய் பிள்ளையின் தேவையைப் புரிந்து அன்போடு நடந்துகொள்வதே முக்கியமாக இருந்தது. பராமரிக்கும் இடம் தரம் குறைந்ததாக இருந்து, வீட்டிலும் கவனிப்புக் குறைந்தபோதுதான் பிணைப்பு பலவீனமாகும் ஆபத்து கூடியது. மிக நீண்ட நேரம் விடப்பட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதும் உண்மை. ஆகவே நல்ல இடம், அளவான நேரம், மாலையில் முழு கவனம் ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

ஏழு, எட்டு மாத வாக்கில் பிள்ளைக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியத் தொடங்கும். அப்போது உம்மா நகர்ந்தாலே அழும். இது வளர்ச்சியின் அடையாளம். ஒன்றரை வயதுக்குப் பிறகு மெல்லத் தணியும். மாலையில் உங்களைக் கண்டதும் அழுதாலும் பயப்பட வேண்டாம். நாள் முழுவதும் அடக்கி வைத்ததைத் தன் ஆளிடம் வந்து இறக்கி வைக்கிறது.

இடத்தைப் பார்க்கும் முறை

இருவரும் சேர்ந்து போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டும், ஒரு முறை சொல்லாமலும் போங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் அவரும் பார்க்கட்டும், கேட்கட்டும். 'எப்படியோ பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டு ரியாதில் இருக்கும் தகப்பன் தூங்கப் போகக் கூடாது.

பார்க்க வேண்டியவை இவை. ஓர் ஆயா எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறார்? ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களா? பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்க வைக்கிறார்களா? ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தலைமாட்டில் தலையணை, தளர்ந்த துணி இருக்கக் கூடாது. கழிப்பறை, தண்ணீர் வாளி, அடுப்படி ஆகியவற்றுக்குப் பிள்ளை தவழ்ந்து போக வழி இருக்கிறதா? காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பார்கள்? பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாமா? கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சேர்த்த பிறகு கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. காரணம் சொல்ல முடியாத காயம், நனைந்தபடியே விடப்பட்ட துணி, குறையும் எடை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் பல வாரமாகியும் தீராத பயம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கேட்டுவிடுங்கள்.

வசதி குறைந்த குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையங்களுக்கானது. உங்கள் பகுதியில் அப்படி மையம் இருக்கிறதா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

முதல் இரண்டு வாரம்

வேலையில் சேரும் நாளன்றே டே கேரையும் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் முன்பே பழக்குங்கள். முதல் இரண்டு நாள் தாயோ தகப்பனோ கூடவே ஒரு மணி நேரம் இருக்கட்டும். பிறகு அரை மணி நேரம் வெளியே போய்த் திரும்புங்கள். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள். அது நம்பிக்கையைக் கெடுக்கும். கண்ணைப் பார்த்து, 'உம்மா போயிட்டு அஸருக்கு வந்திடுவேன்' என்று சொல்லி, ஒரு முத்தம் கொடுத்துக் கிளம்புங்கள். பிள்ளைக்குச் சொல் புரியாவிட்டாலும் முறை புரியும். வாசலில் நின்று நீட்ட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் சில நிமிடங்களில் அழுகையை நிறுத்திவிடும். அரை மணி கழித்து ஆயாவுக்கு ஒரு போன் செய்தால் உங்கள் மனமும் அமைதியாகும்.

விடுவதும் அழைத்து வருவதும் ஒருவர் வேலையாக ஆகிவிடக் கூடாது. வாப்பா காலையில் விட்டால் உம்மா மாலையில் அழைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றே ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே நபியவர்கள் தொழுதது ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது ஆணுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தாய்ப்பால்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேலைக்குப் போவதால் இதை நிறுத்த வேண்டியதில்லை. சுத்தமான கையால், சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். 25 டிகிரிக்குள் உள்ள அறையில் நான்கு மணி நேரம் வரை கெடாது. நம் ஊர் வெயிலில் அறை அந்த அளவு குளிர்ச்சியாக இருப்பது அரிது. எனவே உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். கொண்டு போகும்போது ஐஸ் வைத்த பையில் கொண்டு போங்கள். சூடாக்க அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்துங்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொடுக்கக் கூடாது.

புட்டியின் மேல் பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது அவசியம். சுகாதாரத்தோடு இதில் ஒரு மார்க்கச் சட்டமும் இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வேறொரு பெண்ணின் பாலைக் குடித்தால் பால்குடி உறவு ஏற்பட்டு, பிற்காலத்தில் திருமணத் தடை வரலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தால் அந்த உறவு ஏற்படும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். புட்டியில் ஊற்றிக் கொடுத்தாலும் இதே சட்டம்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தவறுதலாக மாறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆயாவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரு குடும்பமும் அதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் தரும் உரிமை

மகப்பேறு உதவிச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பிந்திய பிள்ளைக்கு 12 வாரம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். இவற்றைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம். நம்மில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கடையும் நடத்துகிற முதலாளிகள், பெண் ஊழியர் கேட்பதற்கு முன்பே கொடுப்பவர்களாக இருக்க வேண்டும்.

ஆயாவுக்கு உரியது

முறையாகக் கொடுங்கள் என்ற வசனத்தின் நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் நபியவர்கள். டே கேர் கட்டணத்தை மாதக் கடைசி வரை இழுப்பதும், ஏழு மணிக்குப் போய் 'டிராஃபிக்' என்று சொல்வதும் சரியில்லை. அந்த ஆயாவுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களைச் சிறு வயதில் பார்த்துக்கொண்டவர்களில் உம்மு அய்மன் (ரலி) ஒருவர். நபியவர்கள் வளர்ந்தபின்னும் அவரைத் தேடிப் போய்ச் சந்திப்பார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்து அவரைப் பார்க்கப் போனார்கள். பிள்ளையை வளர்த்த கைக்கு அந்த மரியாதை. நம் பிள்ளையைத் தூக்கும் ஆயா எந்தச் சமயத்தவராக இருந்தாலும், பெயர் சொல்லி அதட்டாமல், 'அக்கா' என்று அழைத்து நலம் விசாரிப்பது நம் கடமை.

மஹல்லாவின் கடமை

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டும் எண்ணத்தோடு நிற்பார்கள். பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. அந்தத் தாயை அவர்கள் கண்டிக்கவில்லை; பிள்ளையை ஏன் கொண்டு வந்தாய் என்று கேட்கவில்லை. ஜமாஅத் முழுவதும் அவளுக்காகத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது.

நம் தெருவில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'சம்பளத்துக்காகப் பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போறா' என்று கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை விழுகிறது. சொன்னவர் பிரியாணி சாப்பிட்டுப் போய்விடுகிறார். கேட்டவள் அன்று இரவு தூங்குவதில்லை. அவளுடைய கடனும், கணவனின் நோயும் சொன்னவருக்குத் தெரியாது. புறம் பேசுவது ஹராம் என்று நாம் எல்லோரும் மக்தபில் படித்ததுதான்.

சொல்வதற்குப் பதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தங்கை வர நேரமானால் பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அலைந்து களைத்து வருகிறவளுக்கு ஒரு கிண்ணம் ஆணம் கொடுத்தனுப்பலாம். இத்தாவில் இருக்கும் இளம் விதவையின் கைக்குழந்தைக்கு, வாரிசுகளின் மீதுள்ள கடமையை ஜமாஅத் பெரியவர்கள் அந்தக் குடும்பத்துக்கு நினைவூட்டலாம்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

இந்த வாரம் இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் அரை மணி நேரம் போனை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். வேலைக்குப் போவது தேவைதான் என்பதில் இருவருக்கும் சம்மதமா? காலையில் யார், மாலையில் யார்? பிள்ளைக்கு நோய் வந்தால் யார் லீவு போடுவது? மாதம் ஒரு முறை டே கேருக்குத் திடீரென்று யார் போய்ப் பார்ப்பது? ஆறு மாதம் கழித்து இந்த முடிவை மறுபடியும் பரிசீலிப்போமா?

இன்னொன்று. ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்காகவும் நபியவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதிய துஆ புகாரியில் இருக்கிறது. அதை மனனமாக்கி, டே கேர் வாசலில் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து ஓதுங்கள். தெரியாதவர்கள் மக்தப் உஸ்தாதிடம் கேட்டுக்கொள்ளலாம். விட்டுச் செல்லும் நம் பிள்ளைகளையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகளையும், உழைத்துத் திரும்பும் பெற்றோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.